பூட்டிக் கிடந்த ஊராட்சி நூலகத்தை ஊர்க்கூடமாக்கிய பத்து மாதங்கள்

பூட்டைத் திறக்கவே அரை நாள் ஆனது. சாவி ஊராட்சி அலுவலகத்தில் பத்திரமாக இருந்தது. ஆனால் பூட்டுக்குள் துரு ஏறிச் சாவி திரும்பவில்லை. மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம், கடைசியில் கொண்டியை ஆக்ஸா பிளேடால் அறுத்தோம். கதவைத் தள்ளியதும் நிலையின் மேல் விளிம்பிலிருந்து கரையான் மண் பொலபொலவென்று தலையில் கொட்டியது. உள்ளே ஈரக் காகித வாடை. டார்ச் அடித்துப் பார்த்தால் கூரையில் நான்கைந்து இடங்களில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தது. தரையில் 2018 நவம்பர் மாத நாளிதழ் ஒன்று, யாரோ படித்துவிட்டு மடித்து வைத்தபடியே கிடந்தது.

அந்த நாளிதழைப் பார்த்ததும் மனம் கனத்துவிட்டது. நான் வயசுப் பையனாக இருந்தபோது மாலை நேரங்களில் உட்கார்ந்து படித்த இடம் அது.

2006-07இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் வீதம், ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் பணம் வந்தது. ஊர் தோறும் ஒரு நூலகமும் விளையாட்டுத் திடலும் அப்போது வந்தவைதான். எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. இங்கே நூலகம் குளக்கரையை ஒட்டி, ஊருக்கும் தெற்குத் தெருவுக்கும் நடுவில் கட்டப்பட்டது. 24 அடிக்கு 16 அடியில் ஒரு கூடம், முன்னால் 6 அடி அகலத்தில் தாழ்வாரம். கஜா புயல் வந்த 2018 நவம்பர் 16 விடியற்காலையில், பின்னால் நின்ற தென்னை ஒன்று மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மூலையில் சாய்ந்தது. பாதுகாப்பில்லை என்று பூட்டினார்கள். மரத்தை இழந்தவர்கள், வீட்டுக் கூரையை இழந்தவர்கள் என்று ஊரே நொறுங்கிக் கிடந்த நேரம். நூலகத்தை நினைக்க யாருக்கும் தெம்பில்லை. அப்படியே ஐந்து வருடம் ஓடிவிட்டது.

நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கட்டட வேலை என் தொழில் இல்லை. ஆனால் பத்து மாதம் கூடவே நின்றதில் கற்றது நிறைய. இதே மாதிரி பூட்டிய கட்டடம் உங்கள் ஊரிலும் இருக்கும். அதனால் நாங்கள் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2023 ஆகஸ்ட் 15 கிராம சபையில்தான் பேச்சு தொடங்கியது. இரண்டு கட்சி. ஒரு பக்கம், இதை இடித்துவிட்டுப் புதிதாகச் சமுதாயக்கூடம் கேட்போம் என்றார்கள். இன்னொரு பக்கம், இருப்பதைச் சரிசெய்வோம் என்றோம். இடித்துவிட்டால் புதியது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, காலி மனைதான் மிஞ்சும் என்பது என் பயம். கடைசியில் தலைவர் ஒரு நல்ல வழி சொன்னார்: பொறியாளர் வந்து பார்க்கட்டும், தாங்கும் என்றால் பழுதுபார்ப்போம், தாங்காது என்றால் இடிக்கலாம். தீர்மானம் அப்படியே எழுதப்பட்டது.

தீர்மானத்தின் வாசகத்தில் கவனமாக இருங்கள். "நூலகக் கட்டடத்தைப் பழுதுபார்த்தல்" என்று மட்டும் எழுதியிருந்தால் பின்னால் வேறு எதற்கும் பயன்படுத்தக் கேள்வி வரும். "நூலகம், மாலை நேரப் படிப்பு, சுய உதவிக் குழுக் கூட்டம், மருத்துவ முகாம் உள்ளிட்ட பொதுப் பயன்பாட்டுக்கு" என்று எழுத வைத்தோம்.

அடுத்தது, கட்டடமும் இடமும் யாருடையவை என்ற கேள்வி. கட்டடம் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இருந்தது, அதில் சிக்கல் இல்லை. இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் ஏடு) புலப்படமும் பார்த்தோம். அங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. பின்பக்கம் நாங்கள் கழிப்பறை கட்ட நினைத்திருந்த இடம் குளப் புறம்போக்கு. நீர்நிலைப் புறம்போக்கில் எதையும் கட்டக் கூடாது. பார்க்காமல் கட்டியிருந்தால் பின்னால் நாங்களே இடிக்க வேண்டி வந்திருக்கும். கழிப்பறையை மேற்குப் பக்கம் மாற்றினோம். செலவில்லாத ஒரு நாள் வேலை, பெரிய தலைவலியைத் தவிர்த்தது.

செப்டம்பரில் ஒன்றியத்திலிருந்து உதவிப் பொறியாளர் வந்தார். கையில் ஒரு சின்னச் சுத்தியல், சட்டைப் பையில் சாக்பீஸ். சாரத்தில் ஏறி, கூரையின் அடிப்பக்கத்தை ஒரு மூலையிலிருந்து ஒவ்வொரு அடியாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல கான்கிரீட் 'ணங்' என்று சத்தம் கொடுத்தது. உள்ளே விட்டுப்போன இடம் 'பொத்து பொத்து' என்றது, பழுத்த பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி. பொத்தல் சத்தம் வந்த இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம். கண்ணுக்குத் தெரிந்தது ஐந்து இடம்தான். தட்டி முடித்தபோது 23 வட்டம் இருந்தது.

கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது என்று விளக்கினார். அதாவது பூச்சு விழுவது நோயின் அடையாளம். நோய் மேலே இருந்து இறங்கும் தண்ணீர். வெளியே தெரிந்த கம்பிகளை வெர்னியரில் அளந்தார். 8 மில்லிமீட்டர் கம்பி, பெரும்பாலும் 7க்குக் குறையவில்லை. வடகிழக்கு மூலையில் ஓரிடத்தில் மட்டும் ஐந்தரைக்கு வந்திருந்தது. அங்கே பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டச் சொன்னார். "கட்டடம் தாங்கும். ஆனா மேல தண்ணிய நிறுத்தாம கீழ பூசுனீங்கன்னா ரெண்டு வருஷத்துல திரும்பக் கூப்பிடுவீங்க" என்றார்.

அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் கூரை வேலை செய்ய முடியாது. முதலில் எல்லோருக்கும் ஏமாற்றம். ஆனால் அந்த மூன்று மாதக் காத்திருப்புதான் எங்களுக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

மழை பெய்யும்போதெல்லாம் நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் உள்ளே போய், எங்கே சொட்டுகிறது, மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் சொட்டுகிறது என்று தரையில் குறித்தோம். பத்து நிமிடத்தில் சொட்டினால் ஓட்டை நேராக மேலே இருக்கிறது. மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சொட்டினால் தண்ணீர் எங்கோ தேங்கி, மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டுக்கு அடியில் ஊர்ந்து வருகிறது. வெயில் காலத்தில் வேலையை ஆரம்பித்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. சுவரின் அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதையும் அப்போதுதான் பார்த்தோம். எங்கள் தெருச் சாலையைப் பழையதைச் சுரண்டாமலே ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டதில், சாலை உயர்ந்து கட்டடம் பள்ளமாகிவிட்டது. தெருத் தண்ணீர் முழுவதும் நூலகச் சுவரை நோக்கித்தான் ஓடி வந்தது.

இன்னொன்றும் நடந்தது. தாழ்வாரம் ஒழுகவில்லை. அதைக் கழுவிவிட்டு இரண்டு பெஞ்சு போட்டு, தினம் ஒரு நாளிதழ் வாங்கி வைத்தோம். வேலை முடியும் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று தலைவரின் மனைவி கேட்டதுதான் காரணம். முதல் வாரம் நான்கைந்து பெரியவர்கள் வந்தார்கள். அப்புறம் காவலர் தேர்வுக்குப் படிக்கும் மூன்று பையன்களும், டி.என்.பி.எஸ்.சி. எழுதும் ஒரு பெண்ணும் வந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் எங்கள் திட்டத்திலேயே இல்லாதவை. பெரிய டி.வி. வாங்கலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர்கள் கேட்டது, மேசைப் பக்கத்தில் பிளக் பாயிண்டும் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சமும். பெண்கள் கேட்டது கழிப்பறை. தெற்குத் தெருவில் ஒரு அப்பத்தா முன்படியைக் காட்டிக் கேட்டார்: "ஏம்ப்பா, ஒன்னரை அடி ஒசரத்துக்குப் படி வச்சிருக்கிய. நான் எப்புடி ஏறுவேன்?" அந்தக் கேள்வியால்தான் சாய்தளம் வந்தது. டி.வி. வாங்கவே இல்லை.

பணத்துக்கு என்ன செய்வது என்று பேசும்போது முதலில் எல்லோர் வாயிலும் வந்தது மொய் விருந்து. எங்கள் பக்கம் ஆடி மாதம் பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரம் முழுக்க மொய் விருந்துதான். ஒரே பந்தலில் பலர் சேர்ந்து கறிவிருந்து போட்டு மொய் வாங்குவார்கள். ஆனால் மொய் என்பது நன்கொடை இல்லை. நோட்டில் எழுதி, அவர் வீட்டு விருந்து வரும்போது கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டிய வட்டியில்லாக் கடன். ஊர்க் கட்டடத்தின் பேரில் மொய் வாங்கினால் யார் திருப்பிச் செய்வது? ஒரு பெரியவர் இதைச் சொன்னதும் பேச்சு நின்றது. அதற்குப் பதிலாக வீட்டுக்கு 500 ரூபாய் என்று வைத்தோம். முடியாதவர்கள் ஒரு நாள் வேலை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் மீதியை அனுப்பினார்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ஊராட்சி ரசீது. கூரை வேலைக்கு மட்டும் ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து, பொறியாளர் போட்ட மதிப்பீட்டின்படி 1,60,000 ரூபாய் ஒதுக்கினார்கள். எங்கள் வசூலில் செலவானது 2,26,000.

தை பிறந்ததும் கூரையில் ஏறினோம். முதல் வேலை, தென்னை விழுந்த மூலை. கைப்பிடிச் சுவர் 9 அடி நீளத்துக்கு விரிந்து நின்றது. அந்த விரிசலில் ஒரு அரசங்கன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. வெட்டிவிட்டால் போதும் என்று நான் நினைத்தேன். கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். விரல் தடிமன் வேர் சுவருக்குள் ஆறடி ஓடி, தளமும் சுவரும் சேரும் இடம் வரை இறங்கியிருந்தது. வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். வேர் போன தூரம் வரை சுவரைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டினார். சுவரும் தளமும் சேரும் மூலை முழுக்கக் கலவையால் ஒரு கையளவு வளைவு வைத்துப் பூசினார். மூலை செங்குத்தாக இருந்தால் தண்ணீர் அங்கே தங்கும், வளைவாக இருந்தால் உருண்டு ஓடிவிடும்.

பழைய தட்டோட்டை முழுதாக எடுப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் விவாதம். முழுதாக எடுத்தால் செலவு இரட்டிப்பு. மழையில் நாங்கள் குறித்து வைத்த புள்ளிகளை மாடியில் அளந்து போட்டுப் பார்த்தபோது, கிழக்குப் பாதியில்தான் பிரச்சினை என்று தெரிந்தது. அந்தப் பாதியை மட்டும் எடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமிசுக் கட்டையால் அடித்து, வாட்டம் சரிசெய்து, புது ஓடு பதித்தோம். மேற்குப் பாதியில் ஓட்டின் இடுக்குகளைச் சுரண்டித் திரும்ப அடைத்தோம்.

கீழே கம்பி வேலையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பலரும் இதைத் தப்பாகச் செய்கிறார்கள். கம்பி மேலேயே சிமெண்டை அப்பிவிடுகிறார்கள். முதலில் சவுக்கு முட்டுக் கொடுத்துக் கூரையைத் தாங்க வைத்தோம். வட்டம் போட்ட இடத்தில் பொத்தல் கான்கிரீட்டை உளியால் முழுக்கத் தட்டி எடுத்தோம். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்கு எடுக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் சுத்தம் செய்தால் பின்பக்கத் துரு உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். கம்பி பிரஷ்ஷால் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்தோம். பிறகு துத்தநாக பிரைமர். அது காய்ந்தபின், கான்கிரீட்டில் ஒட்டுப்பால் (பழையதும் புதியதும் பிடித்துக்கொள்ள உதவும் பால் போன்ற பசை) கலந்த சிமெண்டுக் குழம்பைப் பூசி, அது காய்வதற்கு முன் பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையை அழுத்தி வைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டவே ஒட்டாது. கொத்தனார் ஒரே நேரத்தில் இரண்டு வட்டத்துக்கு மேல் குழம்பு பூச விடமாட்டார். கலவையும் ஒரே தடவையில் முழு ஆழத்துக்கு இல்லை. கொஞ்சம் வைத்து, இறுகவிட்டு, அடுத்ததை வைத்தார். தலைக்கு மேலே செய்யும் வேலை இது. சாயங்காலம் அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருப்பார். 23 வட்டத்துக்கு எட்டு நாள்.

பூசிய இடங்கள் சீக்கிரம் காய்ந்துவிடாமல் தலைக்கு மேலே தண்ணீர் தெளிக்க, பூச்சிமருந்து அடிக்கும் தெளிப்பான் வசதியாக இருந்தது. மருந்து அடித்ததை எடுக்காதீர்கள். நாங்கள் புதிதாக ஒன்று வாங்கினோம்.

எல்லாம் முடிந்து முட்டு எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. மழைநீர்க் குழாய் வாயைச் சாக்கால் அடைத்து, மாடியில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டோம். எங்கள் மாடிக்கு இது ஏறத்தாழ இரண்டரை டன் எடை. பொறியாளரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தோம், நீங்களும் கேட்காமல் செய்யாதீர்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் காலை, தென்மேற்கில் மழைநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி ஒரு ஈர வளையம்! கட்டியபோதே குழாயைச் சுற்றிச் சரியாக அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். குழாயையே எடுத்துவிட்டு நான்கு அங்குலக் குழாயாக மாற்றினோம். மறுபடி தண்ணீர் கட்டினோம், மறுபடி 48 மணி நேரம். இந்த முறை காய்ந்தே இருந்தது. அன்று சாயங்காலம் வேலையாட்கள் எல்லோருக்கும் தலைவர் வீட்டில் சாப்பாடு.

இப்போது நாங்கள் செய்த பெரிய தப்பு. சுவரின் அடிப்பகுதி மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. கூரை ஒழுகாமல் நின்றதும் அவசரப்பட்டு, அந்த இடத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டோம். 18,000 ரூபாய். ஐந்தே வாரத்தில் பட்டி அப்பளம் மாதிரி எழும்பி, கை வைத்தால் உதிர்ந்தது. நன்கொடை கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது.

காரணம் தெரிந்துதான் இருந்தது, மழையிலேயே பார்த்தோமே. வெளியே தண்ணீர் நிற்கும் வரை சுவர் அதை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். சுற்றிலும் மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு வெளிச்சாய்வாகத் தளம் போட்டு, அதன் ஓரத்தில் குளத்துக்குப் போகும் வாய்க்காலைத் திறந்தோம். உள்ளே சிமெண்டுப் பூச்சை நான்கடி உயரத்துக்கு முழுவதும் கொத்தி எடுத்து, செங்கல் வெளியே தெரிய ஆறு வாரம் அப்படியே காயவிட்டோம். கூடம் அலங்கோலமாகத்தான் இருந்தது. ஆனால் படிக்க வந்த பிள்ளைகள் அதற்குள்ளேயே உட்கார்ந்து படித்தார்கள். காய்ந்தபின் சிமெண்டு இல்லாமல் சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, மேலே சுண்ணாம்பே அடித்தோம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், பட்டியும் பெயிண்டும் உள்ளே அடைத்துவிடும். என் தாத்தா காலத்து வீடுகளில் இதைத்தானே செய்தார்கள்.

சாய்தளத்திலும் ஒரு தடவை இடித்துக் கட்டினோம். முதலில் கொத்தனார் எட்டடி நீளத்துக்குப் போட்டார். பார்க்க அழகாக இருந்தது. தெருவில் மூன்று சக்கர வண்டியில் போகும் அண்ணன் ஒருவரை வரச் சொல்லி ஏறிப் பார்க்கச் சொன்னோம். பாதியில் கை ஓய்ந்து வண்டி பின்னால் உருண்டது, நான்தான் பிடித்தேன். "தம்பி, ஒரு அடி ஏற பன்னெண்டு அடி வேணும். நான் போற ஆசுபத்திரியிலல்லாம் அப்படித்தான் வச்சிருக்காக" என்றார். ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. முன்னால் அவ்வளவு இடமில்லை. நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பி, ஒன்பது ஒன்பது அடியாக இரண்டு மடிப்பில் கட்டினோம். தளத்தில் விளக்குமாற்றால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கினோம். பக்கத்தில் குழாய்க் கைப்பிடி. அந்த அண்ணனையே திரும்பக் கூப்பிட்டோம். ஏறி, திரும்பி, உள்ளே வந்துவிட்டார். கட்டுவதற்கு முன்னாலேயே அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

மின்சாரம் என் பொறுப்பு. பழைய இணைப்பு கட்டணம் கட்டாமல் துண்டிக்கப்பட்டிருந்தது. ஊராட்சி நிலுவையைச் செலுத்திப் புதிதாக விண்ணப்பித்தது. உள்ளே பழைய ஒயரை எலி கடித்திருந்ததால் ஒரு அடி கூட விடாமல் மாற்றினேன். எர்த்துக்கு எட்டடி ஜி.ஐ. குழாய் இறக்கி, சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்ற மேலே புனல் வைத்தேன். பேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டுப் பார்த்தேன், நன்றாக எரிந்தது. அதற்கப்புறம்தான் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானை (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பை நிறுத்தும் கருவி) இணைத்தேன். முதலிலேயே இணைத்திருந்தால் அந்தச் சோதனையிலேயே அது விழுந்துவிடும். ஈரச் சுவர் இருந்த கட்டடம், பிள்ளைகள் வந்து போகும் இடம். இந்த ஒன்றில் யாரும் காசு பார்க்காதீர்கள். மின்விசிறி நான்கும் பி.எல்.டி.சி. வகை. சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது முப்பதைச் சுற்றித்தான் இழுக்கிறது. மாதாமாதம் பில் கட்டப்போவது ஊராட்சி என்பதால் இதற்குக் கூடுதலாகச் செலவழித்தோம்.

புத்தகங்கள் 1,100 சொச்சம் இருந்தன. கரையானும் ஈரமும் தின்றது போக 640 தேறின. செல்லரித்ததைக் குப்பையில் போடக் கூடாது, அரசுப் பொருள். ஒவ்வொன்றையும் இருப்புப் பதிவேட்டில் எண் பார்த்துத் தனியாகப் பட்டியல் போட்டு, தீர்மானம் வைத்துத்தான் நீக்கினோம். படிக்க வந்த பிள்ளைகள் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தார்கள். தேறிய புத்தகங்களை நிழலில் விரித்து, பக்கம் பக்கமாகத் தட்டி, வேப்பிலை போட்டு அடுக்கினோம். பீரோக்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறோம்.

2024 மார்ச் 16 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. தொடங்கிய வேலையைத் தொடரலாம், ஆனால் திறப்பு விழா, கல்வெட்டு எதுவும் கூடாது. விழா வைக்க முடியாது என்றதும் சிலருக்கு வருத்தம். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. யார் பெயர் கல்வெட்டில் முதலில் வரும் என்ற சண்டை இல்லாமலே கூடம் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குப் பதிலாக வரவுசெலவுக் கணக்கு முழுவதையும் வாசல் சுவரில் எழுதி வைத்தோம். வீணாய்ப் போன அந்த 18,000 ரூபாயும் அதில் தனி வரியாக இருக்கிறது.

சாவி விஷயம்தான் எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது. சாவி ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இருக்கட்டும் என்று ஒரு பேச்சு வந்தது. தெற்குத் தெருப் பெண்கள் கூட்டத்திலேயே எழுந்து, "அப்ப நாங்க ஒவ்வொரு தடவையும் அவுக வீட்டு வாசல்ல போயி நிக்கணுமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. எங்கள் பக்கத்தில் கூடம் என்றால் ஊருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று பிரிந்து நிற்பதைத்தான் பார்த்து வளர்ந்தோம். இது அரசுப் பணத்தில், நடுவில் கட்டிய கட்டடம். அது நடுவிலேயே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக நின்றேன். இரண்டு கூட்டம், கொஞ்சம் மனக்கசப்பு. கடைசியில் மூன்று சாவி செய்தோம். ஒன்று ஊராட்சிச் செயலரிடம், ஒன்று தெற்குத் தெரு சுய உதவிக் குழுவிடம், ஒன்று தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம். ஒரு நோட்டில், யார் திறந்தார்கள், யார் பூட்டினார்கள் என்று நேரத்தோடு எழுத வேண்டும்.

இப்போது காலையில் நாளிதழ், மாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு, அதன்பிறகு பத்து மணி வரை தேர்வுப் பிள்ளைகள். செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் அம்மா, வீடு வீடாகப் போனது போக மாதம் ஒரு நாள் இங்கே உட்கார்ந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார். அந்த அப்பத்தா சாய்தளத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக ஏறி வருகிறார்.

கழிப்பறை இன்னும் முடியவில்லை. நமக்கு நாமே திட்டத்தில் கேட்டிருக்கிறோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், அந்தப் பணம் தயாராக இருக்கிறது. களிமண் பூமி என்பதால் இரட்டை உறிஞ்சுகுழியைச் சுற்றி மணல் நிரப்ப வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருக்கிறார். அது வரைக்கும் பெண்கள் பக்கத்து வீட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் முதல் வேலையாக இதைத்தான் கேட்கப் போகிறோம். மழைநீர்க் குழாய் வாயில் வாகை இலை அடைத்துக்கொள்வது இப்போது இருக்கும் சின்னத் தொல்லை. சனிக்கிழமை தோறும் மாடியில் ஏறி இலையை அள்ளும் முறை யாருடையது என்று தேர்வுப் பிள்ளைகள் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் என் பெயர்.